சினை பிடிக்காத கிடாரி

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலை, திருநள்ளாறு–காரைக்கால் பேருந்து. முன் இருக்கையில் சுரக்குடி விவசாயி ஒருவரும் அவர் மனைவியின் தம்பியும்.

“மூணு தடவ சினை ஊசி போட்டும் கிடாரி சினை புடிக்கலயா மாமா?”

“புடிக்காதாம் மாப்ள. அதோட இரட்டையாப் பொறந்த காளைக்கன்ன வித்துட்டேன்ல, அத நேத்துதான் டாக்டர்கிட்ட சொன்னேன். வயித்துல ரெண்டுக்கும் ரத்தம் கலந்திருக்காம். காளையோட ஹார்மோன் இதுக்குள்ள போயி, சூலகத்த வளரவே விடலயாம்.”

“பொறக்கறதுக்கு முன்னாடியேவா!”

“ஆமா. கண்ணுக்கே தெரியாத ஒண்ணு, என்ன வேல பாத்திருக்கு!”

“தீனி சரியாப் போடலன்னு எங்க அக்காவ ஒரு வருசமாத் திட்டுனீங்களே?”

“அவகிட்ட சொன்னேன். என்னைய ஒண்ணும் கேக்கல. கிடாரியத் தடவிக்கிட்டே, ‘இவ்வளவு நடந்திருக்கு, ஒனக்கே தெரியாதாடி’ன்னா. விக்கக் கூடாதுன்னுட்டா.”