கசப்புத் தாள்

ஆமாம்மா, நேத்து வந்தவன்தான். இல்லன்னு சொல்லுவேனா? இதே நாற்காலி, இதே மேஜை. அந்தச் சின்ன டப்பாவுல இருந்து ஒரு தாள எடுத்து நாக்குல வைங்கன்னீங்க, வச்சேன். ஒண்ணும் தெரியலையேன்னேன். கசப்பு தெரியாத ஆளுன்னு குறிச்சுக்கிட்டீங்க.

அதுல ஒரு சின்ன விஷயம். நேத்து நான் டீ குடிச்சிட்டு வந்தேன் பாருங்க, சுடச் சுட, நாக்கு மரத்துப் போயிருக்கும். இன்னிக்கு வெறும் வாயோட வந்திருக்கேன். இன்னொரு தாள் குடுத்துப் பாருங்களேன்.

ஓ, டீக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையா. பொறக்கும்போதே வர்றதா. அதுவும் சரிதான், எங்கப்பாவும் இப்படித்தான். மாத்திரைய மிட்டாய் மாதிரி கடிச்சு மென்னு முழுங்குவாரு. நாங்கல்லாம் அவர பெரிய தைரியசாலின்னு நினைச்சுக்கிட்டிருந்தோம்.

பையில என்னவா? வெள்ளரிக்கா. அத விடுங்க.

நேத்து நீங்க ஒண்ணு சொன்னீங்களே, சில ஜனத்துல கிட்டத்தட்ட எல்லாருக்குமே இந்தத் தாள் கசக்கும், சில ஜனத்துல மூணுல ஒருத்தருக்கு இது வெறும் தாள்தான்னு. அதக் கண்டுபிடிக்கத்தான் ஊர் ஊரா இந்த டப்பாவத் தூக்கிட்டுப் போறோம்னு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. அப்ப நாக்குக்கும் சொந்தபந்தம் இருக்கு. எங்கயோ கண்காணாத ஊர்ல எனக்கு ஒண்ணுவிட்ட நாக்கு ஒண்ணு இருக்கு. சிரிக்காதீங்கம்மா. என் வீட்டுக்குள்ளயே எனக்கு அப்படி ஒண்ணு அமையல.

வீட்டுக்காரி நாக்கு எனக்கு நேரெதிர். நான் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் கம்பியச் சுத்திக் காயில் கட்டுறவன். செப்புக் கம்பி முனைய பல்லுல கவ்விக்கிட்டுத்தான் பாதி வேலை. வார்னிஷ் டப்பா பக்கத்துலயே சாப்பாட்டு டப்பாவும் இருக்கும். பட்டறையில மத்தவங்கல்லாம் ஓடிப்போய் சோப்பு போட்டுக் கை கழுவுவாங்க, நான் வேட்டியில துடைச்சிட்டு உட்கார்ந்துருவேன். அவ அப்படி இல்ல.

வெள்ளரிக்கா வாங்கிட்டு வந்தா, காம்புப் பக்கம் கொஞ்சம் வெட்டி அவதான் முதல்ல நாக்குல வைப்பா. லேசா கசந்தாலும் போச்சு, முழுக் காயும் குப்பைக்கு. நான் சும்மா இருப்பேனா? ஒரு துண்ட எடுத்து வாயில போட்டுக்கிட்டு, நல்லாத்தானே இருக்கும்பேன். உடனே வந்து என் தாடைக்குக் கீழ உள்ளங்கைய நீட்டுவா. துப்புங்க. எனக்கு ஒண்ணும் தெரியலையேம்பேன். உங்களுக்குத் தெரியலன்னா அது கசக்காம போயிருமா, துப்புங்கம்பா. துப்புறவரைக்கும் கைய எடுக்க மாட்டா. கசக்கற காய் வயித்துக்கு ஆகாது, நாக்கு எச்சரிக்காத மனுஷன் ஒருநாள் எதையாவது தின்னு போய்ச் சேர்ந்துருவான்னு அவளுக்கு பயம். கல்யாணமான நாள்ல இருந்து எனக்கும் சேர்த்து அவ நாக்குதான் வேலை பார்த்துச்சு.

உள்ளதச் சொன்னா, பல தடவ அந்தக் கைக்காகவேதான் வாயில போட்டுக்குவேன்.

அவங்களையும் கூட்டிட்டு வரச் சொல்றீங்களா? இல்லம்மா, அவ வர்றதுக்கில்ல. தாள எங்கிட்ட குடுங்களேன். ஆளுக்கு ஒண்ணுதானா? நேத்து வீட்ல காட்டுறேன்னு கேட்டப்ப கூடுதலா ஒண்ணு குடுத்தீங்களே. இன்னிக்கோட இங்க முடிச்சுக்கிட்டு நீங்க வேற ஊருக்குக் கிளம்பிடுவீங்க, வாசல்ல பேசிக்கிட்டாங்க. அதான் கொஞ்சம் அவசரமா வந்தேன்.

நேத்து குடுத்தது என்னாச்சா? அதச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா சுத்தி வளைச்சுக்கிட்டிருக்கேன்.

அவளுக்கு மறதி வந்துருச்சும்மா. முதல்ல சாவி வச்ச இடம் மறந்தா. அப்புறம் அடுப்ப அணைக்க மறந்தா. அப்புறம் என்னை. இப்ப என்னைப் பார்த்தா ஃபேன் மாட்ட வந்த ஆளுன்னு நினைச்சுக்கறா. தப்புன்னும் சொல்ல முடியாது, ஆயுசு பூரா அதத்தானே செஞ்சேன். வேலை முடிஞ்சுதுங்களா, உங்க வீட்ல தேடுவாங்க, கிளம்புங்கன்னு மரியாதையாத்தான் சொல்லுவா. நானும் சரிங்கன்னு வாசல் வரைக்கும் போய், செருப்ப மாட்டி, அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டு, கழட்டிட்டுத் திரும்ப உள்ள வருவேன். ரெண்டு பேர் இருக்கற வீடுதான். ஆனா நான் தனியாத்தான் இருக்கேன்.

நேத்து அந்தத் தாள மேஜை மேல வச்சிட்டுக் கால் கழுவப் போனேன். இப்பல்லாம் கையில கிடைக்கறத அவ வாயில போட்டுக்கறா. திரும்பி வந்து பார்த்தா, மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு தாளத் துப்பிட்டிருக்கா. பதறிப்போய் தண்ணி எடுத்துக்கிட்டு வந்தேன். வாங்கல. என்னையே பார்த்தா. எழுந்து கிட்ட வந்து, என் தாடைக்குக் கீழ உள்ளங்கைய நீட்டினா. நீங்களும் வாயில போட்டுக்கிட்டீங்களா, துப்புங்கன்னா.

என் வாயில ஒண்ணுமே இல்லம்மா. இருந்தாலும் துப்பினேன்.

கைய முந்தானையில துடைச்சுக்கிட்டா. திரும்பிப் போய் உட்கார்ந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு, வேலை முடிஞ்சுதுங்களான்னு கேட்டா.

ஒரே ஒரு தாள் போதும்மா. அடிக்கடி அவளுக்குக் கசப்பக் குடுக்க எனக்கும் மனசு வராது. பக்கத்து வீட்டம்மாவ அவகூட உட்கார வச்சிட்டு வந்திருக்கேன், சக்கரை டப்பாவ எடுத்து வெளிய வச்சிட்டுத்தான் வந்தேன், உடனே ஒரு வாய் குடுத்துருவேன். இந்தத் தடவையாவது துப்பறதுக்கு என் வாயிலயும் ஏதாவது இருக்கட்டுமேன்னுதான் வர்ற வழியில வெள்ளரிக்காய வாங்கினேன். நல்ல காயான்னு கேக்காதீங்க, அது எனக்கெப்படித் தெரியும்.