கடைசி வரியைக் கேட்டவன்

மோசமான பாட்டைக் கேட்டால் சிலருக்குத் தலை வலிக்கும். எனக்குப் பசி எடுக்கும். அதனால்தான் இந்த உடம்பு. நீங்கள் கொடுத்த நாற்காலி கொஞ்சம் முனகுகிறது, பரவாயில்லை.

என் தொழில் என்ன என்ற இடத்தில் உங்கள் எழுத்தர் 'கம்ப்யூட்டரில் பாட்டு போடுகிறவர்' என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. பெரிய கம்பெனிகள் சீண்டாத, சொந்தமாகப் பாட்டு போட்டுத் தாங்களே வெளியிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வானொலி அவர்களைக் கூப்பிடாது. அவர்களுக்கு இருக்கும் ஒரே வாசல் என்னைப் போன்ற இசை வலைப்பதிவர்கள்தான். பாட்டை அனுப்புவார்கள். நாங்கள் நாலு வார்த்தை எழுதினால் நாலு பேர் கேட்பார்கள். மற்ற பதிவர்கள் கேட்காமலே எழுதுவார்கள்; 'மனதை வருடும் இசை' என்று எல்லோர் இலையிலும் ஒரே கரண்டி. நான் கேட்பேன், கடைசி நொடிவரை. அதனால் பாடகர்கள் எனக்குக் 'காது' என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். ஆனால் சரியான கேலி.

வருகிற மின்னஞ்சல்களை நீங்கள் பார்க்க வேண்டும். 'எங்கள் இசை எந்த வகைக்குள்ளும் அடங்காது' என்று ஆளாளுக்கு எழுதுவார்கள். உண்மைதான், இசை என்கிற வகைக்குள்ளும் அடங்காது. படுக்கையறையில் எதிரொலி வராமலிருக்கப் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு உலகத்தின் மேல் கோபப்படுகிறவர்கள். காதலி விட்டுப் போனாள் என்று ஒருவன் பாடுவான். இரண்டு வரி கேட்டால், பிழைத்தாள் மகராசி என்று தோன்றும்.

அந்தக் குப்பைக்கு நடுவில்தான் அவள் வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். அப்பா போன துக்கத்தில், கடையின் பின்னறையில் மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கைபேசியிலேயே பதிவு செய்த பாட்டு. 'அண்ணா, நேரம் கிடைச்சா கேளுங்க' என்று மட்டும் எழுதியிருந்தாள். பாட்டின் பாதியில் யாரோ கதவைத் தட்டுவது கேட்கும். அவள் நிறுத்தவில்லை. அன்று எனக்குப் பசிக்கவே இல்லை.

எழுதினேன். ஊரே கேட்டது. மற்ற பதிவர்கள் நான் எழுதியதைத் திருப்பிப் போட்டு, தாங்கள்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும். நான்தான் அவளை ஆளாக்கினேன் என்றால் அது கர்வம், பொய் அல்ல.

பிறகு கல்யாணம் செய்துகொண்டாள். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நல்லவன் என்றார்கள். சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாதவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அதோடு பாட்டுகளும் மாறின. மழை பெய்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, அவர் சிரிக்கிறார். குரல் அதேதான், உள்ளே ஆள் இல்லை. நான் ஒரு வரியும் எழுதவில்லை. அவளே போன் செய்தாள்.

"இது நீ பாடுறதில்ல" என்றேன்.

"நான்தாண்ணா பாடினேன்."

"அப்பாவுக்குப் பாடினது யாரு?"

"அது அழுகைண்ணா. எப்பவும் அழுதுட்டே இருக்க முடியுமா?"

முடியும். வரம் வாங்கி வந்தவர்களால் முடியும். நிம்மதி எல்லோருக்கும் கிடைக்கும், பல் வலிப்பதுபோல. அந்தக் குரல் ஒருத்திக்குத்தான் கிடைத்தது. அதை அவள் ஒரு லிஃப்ட்காரனுக்குத் தாலாட்டாகச் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனபோது, கம்பெனி அனுப்பிய ஆள் அவன்தான். கீழ்த்தளத்தில் என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"நீங்கதானே சார் காது சார்? மன்னிச்சுக்குங்க, வாய்ல அப்படியே வந்துடுச்சு. நீங்க எழுதினத இன்னும் சொல்லிச் சொல்லி சந்தோஷப்படுவா சார்."

அப்படியா என்றேன்.

"இப்ப ஒரு பாட்டு, முடிவே வராம இழுத்துட்டு இருக்கா. இன்னிக்கு எனக்குக் கிடைச்சிருச்சு சார். போன்ல சொல்லிட்டேன், சாயங்காலம் பாடிக் காட்டறேன்னு." பிறகு லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழியைக் காட்டினான். "ஒரு உதவி சார். வாட்ச்மேன் டீக்குப் போயிருக்காரு. சோதனைக்காக மாத்தி வச்சிருக்கேன், கதவு தொறந்திருந்தாலும் இது இப்ப ஓடும். மெயின் ஸ்விட்சை அணைச்சிருக்கேன், நான் மேல வர்ற வரைக்கும் அதை யாரும் தொடாம பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன்" என்றேன்.

இறங்கி, வேலையை ஆரம்பித்ததும் பாட ஆரம்பித்தான். சுருதி அவனுக்குத் தூரத்து உறவுகூட இல்லை. ஆனால் அந்த முடிவு சரியாக இருந்தது. மேலே போகும் என்று நினைக்கிற இடத்தில் அது கீழே இறங்கியது. இறங்கும்போது அவன் குரல் ஓரிடத்தில் வழுக்கியது. அந்த வழுக்கல்கூடப் பொருத்தமாக இருந்தது. ஒரு லிஃப்ட்காரனுக்கு அது தோன்றியது எனக்குப் பொறுக்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி எதுவும் இல்லை. நான் நினைத்தது அவளுடைய குரலைப் பற்றி மட்டும்தான்.

ஸ்விட்சைப் போட்டேன். பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் இறங்கியது. நல்ல வேலைக்காரன்தான், அது எங்கும் திக்கவில்லை.

படியேறி வீட்டுக்குப் போய்விட்டேன். விசாரிக்க வந்தவர்களிடம் வீட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அவசரத்தில் யாரோ ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள் என்று முடிவானது. வாட்ச்மேனுக்கு வேலை போயிற்று. அவன் இடத்தை விட்டுப் போயிருக்கக் கூடாது.

அதன்பின் நான் காத்திருந்தேன். துக்கம் கேட்கப் போனபோதுகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைத்தான் பார்த்தேன். பல மாதம் கழித்துக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு பாடியிருக்கேன்ணா. எழுத வேண்டாம். கேளுங்க, போதும்."

அவர்கள் குடியிருந்த அறை. கதவுக்குப் பின்னால் அவனுடைய கருவிப் பை அப்படியே தொங்கியது. பாட்டைப் போட்டாள். நான் கணக்குப் போட்டது தப்பவில்லை. அப்பாவுக்குப் பாடியதெல்லாம் இதற்கு முன்னால் வெறும் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டேன். திடீரென்று நின்றுபோனது.

"அவ்வளவுதாண்ணா. முடிவு அவர்கிட்ட இருந்துச்சு."

இத்தனை பாடுபட்டு உருவான பாட்டு, முண்டமாக நிற்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? என் காதுக்கு அது தாங்கவில்லை. "மேல போகாத. இப்படி இறக்கிப் பாரு" என்று முனகிக் காட்டினேன். முழுவதையும்.

அவள் அசையவில்லை. "அந்த வழுக்கல்" என்றாள். "அவர்தான் அப்படி வழுக்குவாரு. இதை எங்க கேட்டீங்க?"

"எனக்குத் தோணிச்சு."

"உங்களுக்கு எதுவும் தோணாதுண்ணா. நீங்க கேக்கறவரு." குரல் உயரவே இல்லை. "சொல்லுங்க. எங்க கேட்டீங்க?"

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் உங்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

ஆக, ஸ்விட்சைப் போட்டது நான்தான். அவன் உள்ளே இருப்பது தெரிந்துதான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த முடிவோடு பாட்டை வெளியிட்டுவிட்டாள் என்று உங்கள் காவலர் சொன்னார். அவர் கண்ணிலேயே தண்ணீர். பாட்டின் கீழே அவள் பெயரும் அவன் பெயரும் இருக்கிறதாம். இருக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்த முடிவைக் குழிக்குள்ளிருந்து அவளிடம் கொண்டுவந்து சேர்த்தவன் நான். என் பெயரை எங்கே போட்டிருக்கிறாள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.