லத்தீப் நானாவின் மெஷினை ஓடவைத்தது நான்

பழுதான சாமானைக் கண்டால் என் கை சும்மா இராது. கற்பிட்டியில் இருபது வருடமாக மணிக்கூடு திருத்துகிறேன்.

எத்தாளையில் இருக்கும் என் மூத்த சகோதரர் லத்தீப் நானா, இடிபடவிருந்த பழைய விடுதி ஒன்றிலிருந்து அலுமாரிகள் வாங்கினார். அவற்றோடு ஒரு சூதாட்ட மெஷினும் வந்து சேர்ந்தது. காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று சக்கரம் சுழலும். படங்கள் ஒத்துவந்தால் காசு கொட்டும். நானா பள்ளிவாசல் தலைவர். பயந்துபோய் லோயரிடம் ஓடினார்.

"ஓடாட்டி அது அலங்காரச் சாமான், விக்கலாம். ஓடினா சூதாட்டக் கருவி. வச்சிருந்தாலும் பிழை, வித்தாலும் பிழை" என்றார் லோயர்.

நானா சட்டத்துக்குப் பயந்தவர். வெல்டிங் வேலை செய்யும் ரிப்கானைக் கூப்பிட்டு, உள்ளே இருந்த சுருள்கம்பியைக் கழற்றுவித்தார். ஹோட்டல்காரி ஷானிகா அதை வாங்குவதாகப் பேச்சு. நான் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"நீ தொடாத தம்பி. நீ தொட்டது எது ஓடியிரிக்கி?" என்றார் நானா.

ஷானிகா சிரித்தாள். ரிப்கானும் சிரித்தான். பள்ளிவாசல் மணிக்கூட்டைக்கூட நானா சிலாபத்துக்குத்தான் திருத்த அனுப்புவார்.

நான் கோபக்காரன் அல்ல. அடுத்த வெள்ளி நானா ஜும்ஆவுக்குப் போனதும், வயிற்றுவலி என்று அவர் வீட்டிலேயே தங்கினேன். மதினி சமையலில் இருந்தார். புதுச் சுருள்கம்பி போட்டேன், எண்ணெய் விட்டேன், மூடியைப் பழையபடி இறுக்கினேன். சட்டம் எல்லாருக்கும் பொது என்பதால், ஷானிகா விலை பேச வரும் நேரத்தைப் பொலிஸுக்கும் அறிவித்தேன்.

"சேர், அது ஓடாது. சும்மா காட்சிக்கு" என்றார் நானா, வந்து நின்ற பொலிஸ் அதிகாரியிடம்.

அதிகாரி ஒரு காசைப் போட்டு இழுத்தார். மூன்று எலுமிச்சம்பழங்கள் வரிசையாக வந்து நின்றன. மெஷினின் வயிற்றில் கிடந்த பழைய சில்லறையெல்லாம் நானாவின் காலடியில் கொட்டியது. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானாவும் அழுகிறார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அவர் இப்போது விளக்கமறியலில் இருக்கிறார். பள்ளிவாசலில் புதுத் தலைவரைத் தெரிவுசெய்துவிட்டார்கள். நேற்றுப் பார்க்கப் போனபோது கம்பிக்கு அப்பாலிருந்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"ஆரு செஞ்சது எண்டு கண்டுபிடி தம்பி. ஒன்ன விட்டா எனக்கு ஆரு இரிக்கி?"

அவர் மனம் ஆறட்டும் என்று ரிப்கானின் பெயரைச் சொன்னேன். வழியில் இறங்கிப் பொலிஸிலும் சொன்னேன். இன்று காலை அவனைக் கொண்டுபோனார்கள். அல்லாஹ் மேல் சத்தியம் செய்து மறுக்கிறானாம்.

பொய்ச் சத்தியம் செய்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது.