சுவரை விற்ற தகப்பன்

மகளின் ஆல்பம் பாதியில் இருக்கும்போது, அவளைச் சுற்றி அடுக்கியிருந்த நூற்றிருபது மெத்தைகளை நான் விற்றுவிட்டேன். நடந்தது இதுதான். இனி முறைப்படி தொடங்குகிறேன்.

அவையை அடக்கியாளும் தலைவர் அவர்களே, ஆன்றவிந்த பெரியோர்களே, காதில் பஞ்சை வைத்தும் கலையாது அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கண் மறையக் கூந்தல் வளர்த்த காளையரே, வணக்கம்.

என் மகள் எக்ஸ்ட்ரீம் மெட்டல் பாடகி; உறுமலும் அலறலுமே அதில் பாட்டு. குயிலா? இல்லை. குழலா? இல்லை. குழாயில் அகப்பட்ட புலி. முதல்முறை கேட்ட என் மனைவி வெந்நீரோடு ஓடினாள்.

"தொண்டை கட்டிக்கிச்சாடி?"

"பாடிட்டிருக்கேம்மா."

ஒலிப்பதிவுக் கூடத்து வாடகை கட்டுப்படியாகவில்லை. மெத்தை சத்தத்தை விழுங்கும். என் மெத்தைக் கடைக் கிடங்கிலேயே பாடு என்றேன். ஒரே நிபந்தனை: ஆல்பத்தை வெளியிட ஆள் கிடைக்காவிட்டால், பாட்டை மறந்து என் கடைக் கல்லாவில் உட்கார வேண்டும். சரி என்றாள்.

நான்கு பாட்டு முடிந்தது. ஒரு விடுதிக்காரர் மெத்தைகளை மொத்தமாகக் கேட்டார். வந்த வாடிக்கையை விரட்டிவிட்டு வியாபாரி உறங்குவானா? உறங்கினால் எதன்மேல் உறங்குவான்? லாரி வந்தது. பின்னாலேயே மகளும் வந்தாள்.

"அப்பா, சுவரையே வித்துட்டீங்களா?"

"அது மெத்தைம்மா. நல்ல விலை."

"இன்னும் நாலு பாட்டு இருக்கு."

"தொண்டையை நான் விக்கலையே."

சிரிக்காதீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"காலி கிடங்குல அடிச்சா இடி விழுற மாதிரி கேக்கும்க்கா" என்றார் டிரம்ஸ் வாசிப்பவர்.

மகள் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "விழட்டும்" என்றாள்.

பாடினாள். கூரை குமுறியது, கதவு குலுங்கியது, எலிகள் குடிபெயர்ந்தன. ஒரு தொண்டை ஓராயிரமாய்த் திரும்பி வந்தது. வாசலில் நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அச்சத்தாலா, பெருமையாலா? இன்றுவரை விளங்கவில்லை.

ஆல்பம் வெளியிடுபவர் வந்தார். எட்டையும் கேட்டார். "முதல் நாலு தலையணைக்குள்ள பாடின மாதிரி இருக்கு. கடைசி நாலு இருக்கே, அது ஆளையே அடிக்குது. எட்டும் அப்படி இருந்தா எடுத்துக்கறேன்."

அன்று காலைதான் புதுச் சரக்கு இருநூறு மெத்தை இறங்கிக் கிடங்கு நிறைந்திருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பேன்.

இருநூறும் என் வீட்டுக்குப் போயின. பத்து நாள் நானும் மனைவியும் மெத்தை அடுக்கின்மேல் ஏறி, மின்விசிறிக்குத் தலைகுனிந்து, கூரைக்கு ஒரு சாண் கீழே படுத்தோம். அவள் காலிக் கிடங்கில் முதல் நான்கையும் திரும்பப் பாடி முடித்தாள். அந்த எட்டுப் பாட்டும்தான் இன்று உங்கள் கையில்.

வந்தவர்க்கும் வாங்கியவர்க்கும் நெஞ்சார்ந்த நன்றி, வாங்காதவர்க்கும் வணக்கம். மகளோடு போட்ட புது ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு இறங்குகிறேன். ஆண்டுக்கு ஒரு மாதம் கிடங்கு காலி. வாடகை இல்லை. அந்த மாதம் எவர் வந்து எந்த விலை கேட்டாலும் சரக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். கல்லாவில் கடைசிவரை நானே உட்கார வேண்டும்.