கருவாட்டு நாத்தம்

நாறுதெல்லோ? உமக்கு மணக்கேல்லையோ தங்கச்சி? பஸ்ஸுக்குப் பின்னாலை ஆரோ கருவாட்டுச் சாக்கு ஏத்திப்போட்டாங்கள். சீ! யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடும்.

ஓம், முல்லைத்தீவுக்குத்தான். மகளிட்டை. விமலேஸ்வரி. எங்கடை இரணைமடுவிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். அவள் தேவாரம் எடுத்தாளெண்டால் ஐயர் மணியடிக்க மறந்துபோய் நிப்பார். அந்தக் குரலை நானெல்லோ வளத்தெடுத்தனான்! வெய்யிலிலை விடமாட்டன், ஐஸ்பழம் தொடவிடமாட்டன், பக்கத்து வீட்டுப் பெட்டையளோடை கத்தி விளையாட விடமாட்டன். குமரான பிறகும் என்ரை பாயிலைதான் படுக்கவைச்சனான். ஒருக்கால் செருமினாலும் எழும்பிக் குந்தியிருந்து தொண்டையைத் தடவிக்கொண்டிருப்பன்.

மேடையேறினவளோ? இல்லை, யாழ்ப்பாணத்திலை அரங்கேற்றம் எண்டு எல்லாம் பேசி வைச்சது. எங்கை நடந்தது! சைக்கிளிலை கருவாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு ஒருத்தன் எங்கடை காலனிக்கு வருவான், யோகநாதனெண்டு. கையெல்லாம் செதில். வெத்திலைக் காவிப் பல்லு. அவனோடை ஓடிப்போனாள்.

போன மாரியிலை மனங்கேளாமல் போய்ப் பாத்தனான். சந்தையிலை, இலையான் மொய்க்கிற சாக்கிலை குந்தியிருந்து, பாரைக் கருவாடு, பாரைக் கருவாடு எண்டு கூவுறாள். என்ரை தங்கக் குரல்! ஓடிப்போய் அவளின்ரை வாயைப் பொத்தினன். என்ரை கையைத் தட்டிவிட்டிட்டு, சனத்துக்கு முன்னாலை சொல்லுறாள், அம்மா, இஞ்சை வந்துதான் எனக்கு மூச்சுவிடக் கூடியதாக் கிடக்கு, இனி வராதேங்கோ எண்டு.

மூச்சாம்! அந்த நாத்தத்துக்குள்ளை!

இல்லை, அவள் கூப்பிடேல்லை. ஆர் கூப்பிடவேணும்? செத்தவீட்டுக்குப் போறதுக்கு அழைப்பே வேணும்? அவன் நேற்றுச் செத்துப்போனானெல்லே. நெருப்புக்காய்ச்சலாம். கேட்டவுடனை நான் எழும்பி அவளின்ரை அறையைக் கூட்டிக் கழுவி, சாம்பிராணி போட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனான்.

எட்டாம் நாள் காரியம் முடியட்டுமோ? அதுமட்டும் ஆர் பாத்துக்கொண்டிருக்கிறது! பிரேதம் எடுத்த கையோடை கூட்டிக்கொண்டு வந்திடுவன். பின்னேர பஸ்ஸிலை ரெண்டு சீற் பிடிச்சு வைக்கச்சொல்லிக் கொண்டக்டரிட்டைச் சொல்லிப்போட்டன்.

பிள்ளை குட்டியோ? ஓம், ஒண்டு கிடக்கு. இன்னும் பால்குடி மறக்கேல்லை. அப்பிடியே தேப்பன்ரை மூஞ்சி. அவன்ரை தாய்க்கிழவி வளக்கட்டும். நான் ரெண்டு சீற்தான் சொன்னனான்.