சேமிக்காத நிறம்

எனக்கு டெலிபோன் மணிச் சத்தம் ஆகாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா.

2007இலிருந்து எண்ணூரில், ரசாயன டேங்கர் கழுவும் யார்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். காலேஜைப் பாதியில் விட்டவன். புரோகிராம் நானாகப் படித்தது. ஒவ்வொரு டேங்கருக்கும் திரையில் ஒரு நிறம் வரும்படி எழுதியிருந்தேன். உள்ளே காற்றைச் சோதித்து அரை மணி ஆகாவிட்டால் பச்சை, ஆள் இறங்கலாம். தாண்டினால் சிவப்பு. இந்த நிறம் டேட்டாபேஸில் எங்கும் சேமிக்கப்படாது. பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், சோதித்த நேரத்தை வைத்து ஃபீல்டு என்கிற அந்த நிறக் கட்டம் புதிதாகக் கணக்கிட்டுக் காட்டும். கையால் யாரும் மாற்ற முடியாது.

யார்டுக்குக் காற்று மீட்டர் ஒன்றுதான். பக்கத்து ஷெட்டும் அதையே எடுத்துப் போகும். மதியம் முழுக்கச் சிவப்பு. ஃபோர்மன் இக்னேஷியஸ் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்வார்.

"இன்னா மாமு, உன் பொட்டி செவப்பாவே கீது? கண்ணு நோவா அதுக்கு?"

"மறுபடி டெஸ்ட் பண்ணுங்கண்ணா."

"மீட்டர் வந்தா பண்ண மாட்டனா? பேஜாரு பண்ணாத, நைனா."

மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு ஒரே ஒரு வரியை மாற்றினேன். சோதித்த நேரத்துக்குப் பதில், டேங்கரின் பதிவைக் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து கணக்கிடச் சொன்னேன். யார் எதைத் திருத்திச் சேமித்தாலும் பச்சை. போன் குறைந்தது. சூடாகச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் மதியம் இரண்டு மணிக்கு மறுபடி மணி அடித்தது. பதினேழாம் நம்பர் டேங்கர் சிவப்பு. அதைச் சோதித்தது காலை எட்டுக்கு. அடியில் தங்கிய ரசாயனம் வெயிலில் ஆவியாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பதிவைத் திறந்தேன். எதையும் மாற்றாமல் சேமித்தேன்.

"வந்துட்சி மாமு, பச்ச" என்றார்.

டேங்கர் கழுவும் ஜேக்கப் உள்ளே இறங்கினார். மயங்கி விழுந்த அவரைத் தூக்க இறங்கிய கோதண்டமும் உயிரோடு வரவில்லை.

போலீஸ் வருவதற்குள் அந்த வரியைப் பழையபடி ஆக்கினேன். கணக்கிடும் ஃபீல்டின் குணம் அது. விதியை மாற்றினால், முன்பு காட்டியதற்குத் தடயமே இருக்காது. எட்டு மணிச் சோதனை, சிவப்பு. சிவப்பில் ஆளை இறக்கியதாக இக்னேஷியஸைப் புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

போன வாரம் அவர் மனைவி ஐரீன் வந்தார். "பச்சயாதான் இருந்துச்சுன்னு மாதா மேல சத்தியம் பண்றாரு தம்பி. நீ பாத்தியா?"

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். பதினேழாம் நம்பர், சிவப்பு. பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவரிடம்கூட நான் பொய் சொல்லவில்லை, ஐயா. டேட்டாபேஸ் முழுக்கத் தேடிப் பாருங்கள். நான் பொய்யாக எழுதிய ஓர் எண்கூட அதில் இருக்காது.