வெள்ளிக்கிழமை மீன்

கிட்ட வந்து உக்காரு தம்பி. அங்க கதவோரமா உக்காந்தா ஒவ்வொருத்தன் உள்ள வர்றப்பவும் ஈரக்காத்து முதுகுல அறையும். இந்தா, ஹீட்டர் பக்கத்துல நாற்காலி இருக்கு. தொப்பியைக் கழட்டி மேசைல வையி. ஒருத்தரும் எடுக்கமாட்டாங்க. இங்க எல்லார்கிட்டயும் தொப்பி இருக்கு, கம்பெனி குடுத்தது.

லாரியா? அது அங்கயே நிக்கட்டும். இந்தத் தொழிற்சங்க வாசல்ல வெளிநாட்டுக் கம்பெனி வண்டி நின்னாத்தான் இழுத்துட்டுப் போவோம். போர்டு பாத்திருப்பியே. உன்னோடது இந்த நாட்டுல செஞ்ச வண்டிதானே, பயப்படாதே.

தின்னு, தின்னு. ஏரி மீன். முள்ளெல்லாம் எடுத்தாச்சு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைன்னா கறி கிடையாது, இந்தச் சங்கத்துல மீன் வறுவல்தான், எங்க மாமனார் காலத்துலருந்து நடக்குது. ஊரே வரும். வேலைல இருக்கறவன், வேலை போனவன், போகப்போறவன், எல்லாம் ஒரே வரிசைல தட்டு ஏந்தி நிப்பான்.

பேரு என்ன சொன்ன? ட்ராவிஸா. எந்த ஊரு? அலபாமா! அதானே பாத்தேன், இந்த மெல்லிசு சட்டையைப் போட்டுக்கிட்டு மார்ச் மாசம் மிச்சிகனுக்கு வேற யாரு வருவா. என்னை எல்லாரும் ஹெட்டின்னு கூப்பிடுவாங்க. நீயும் அப்படியே கூப்பிடு.

பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடியிருக்கியே, உள்ள என்னன்னு சொன்னாங்களா? இரும்புச் சாமான்னா? அடப்பாவி. சவப்பெட்டிக்குள்ள மனுசன் இருக்கான்னு சொன்ன மாதிரில்ல இருக்கு. அது கதவு அச்சுடா தம்பி. தகட்டை உள்ள குடுத்து மேலருந்து ஒரே அமுக்கு அமுக்குனா, காரோட கதவு முழுசா வெளிய வந்து விழும். நான் வேலைக்குச் சேந்தப்பவே அந்த அச்சு அங்க இருந்துச்சு. அந்த அச்சு இருக்குற ஊர்லதான் கார் இருக்கும். அது எல்லை தாண்டி வேற பட்டறைக்குப் போயிடுச்சுன்னா, அப்புறம் எங்க பட்டறை வெறும் கொட்டாய். புறா வளக்கலாம்.

உன்னைத் திட்டலை. நீ கூலிக்கு ஓட்டறவன். உனக்குப் பின்னால இன்னும் வண்டி வரிசையா பட்டறைக்குள்ள நிக்குதுன்னும் தெரியும். முதல் வண்டி நல்லபடியா ஹைவே ஏறிட்டா மத்ததும் கிளம்பும். அதெல்லாம் பெர்னிஸ் சொல்லிட்டா.

பெர்னிஸ் யாரா? உன்னை ரோட்டுல கை காட்டி நிறுத்தி, தூரப் பயணம், வயித்துக்கு ஏதாவது போட்டுட்டுப் போ தம்பின்னாளே, அவதான். எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கறா பாரு, ஆரஞ்சு கலர் கோட்டு மேலயே ஏப்ரனைக் கட்டிக்கிட்டு. எங்க பட்டறையில ஆளுங்களுக்காகப் பேசறவ அவதான். ஓட்டுப் போட்டு நாங்க வெச்சோம். அந்தக் கதவு அச்சுலதான் வேலை பாத்தா. அமுக்குற சத்தத்துல ஒரு காது போச்சு. ஆனா கேக்க வேண்டியதெல்லாம் மத்த காதுல கேட்டுக்குவா.

கால்வெல்னு ஒருத்தன் டெக்சஸ்லருந்து வந்தான், புது மேனேஜர். உன்னை வேலைக்கு வெச்சவன். வந்த வாரமே எல்லாரையும் கூட்டி, நாமல்லாம் ஒரே குடும்பம்னு சொல்லி ஆளுக்கொரு தொப்பி குடுத்தான். அடுத்த மாசம் ரெண்டாவது ஷிஃப்டு மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டான். குடும்பமாம்! எந்தக் குடும்பத்துலடா, நீ நேத்துப் பொறந்தவன், வெளிய போன்னு சொல்லுவாங்க? என் தங்கச்சி மகன் அதுல போனான். பொண்டாட்டி மாசமா இருக்கா. இப்ப அந்தத் தொப்பியை அவன் வீட்டு நாய்க்குப் போட்டு விட்டிருக்கான். நாய்க்கு நல்லாத்தான் இருக்கு.

எங்க தலைமைச் சங்கத்துலருந்தும் ஒருத்தர் வந்தாரு. கறுப்புக் கார், பளபளன்னு ஷூ. உங்களோட நாங்க இருக்கோம்னாரு. கைதட்டினோம். ரெண்டு தட்டு மீன் தின்னுட்டு, பொழுது சாயறதுக்குள்ள போய்ட்டாரு. இருக்கோம்னா எங்க இருக்காங்கன்னு அவரு சொல்லலை.

போன் அடிக்குதே. கால்வெல்லா? எடுக்காதே, கையெல்லாம் எண்ணெய். வீணாப் போயிடும். சாயந்தரத்துக்குள்ள ஹைவே ஏறுனாப் போதும்னுதானே சொன்னான்? அப்புறம் என்ன. பெர்னிஸ்! தம்பிக்கு இன்னும் ரெண்டு துண்டு வையி, அலபாமாக்காரன், ஒல்லியா இருக்கான்!

எங்க விட்டேன்? ஆங், கோர்ட்டு விசயம் இன்னும் சொல்லலையே. எங்களைக் கேக்காம அச்சை வெளிய எடுக்கக்கூடாதுன்னு கம்பெனியோட நாங்க போட்ட ஒப்பந்தத்துல இருக்கு. பெர்னிஸ்தான் வக்கீலைப் பிடிச்சு வழக்குப் போட்டா. திங்கக்கிழமை ஜட்ஜு விசாரிக்கறாரு. கால்வெல்லுக்கு அது தெரியும். திங்கக்கிழமை வரைக்கும் அச்சு உள்ள இருந்தா அவனுக்குத் தொல்லை. முன்னாடியே வெளிய போயிடுச்சுன்னா, ஜட்ஜு எங்க பக்கம் சொன்னாலும் என்ன பிரயோஜனம்? காலிக் கொட்டாய்க்குத் தீர்ப்பு சொன்ன மாதிரி.

செவ்வாய்க்கிழமையே லாரியெல்லாம் வந்து நின்னுச்சு, உனக்கே தெரியும். ஏன் அன்னைக்கே அனுப்பலை, சொல்லு? பட்டறை கேட்டு முன்னாடி நாங்க நின்னோம், சும்மாத்தான் நின்னோம், அவன் கேட்டையே திறக்கலை. பெர்னிஸ் போய், திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க சாருன்னு மரியாதையாத்தான் கேட்டா. அத்தனை சூப்பர்வைசர் முன்னாடி அவ மூஞ்சிக்கு நேரா சிரிச்சானாம். உங்க சங்கத்துக்கு என்னம்மா தெரியும், வெள்ளிக்கிழமையானா மீன் வறுக்கத் தெரியும், போய் வறுங்கன்னானாம்.

அவ, சரிங்க சாருன்னு வந்துட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன்டீ, வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேட்டேன். ஹெட்டி அக்கா, அவன் வெள்ளிக்கிழமைதான் வண்டியை எடுப்பான், நாம எல்லாம் தட்டோட உள்ள உக்காந்திருப்போம்னு நினைச்சுக்கிட்டு எடுப்பான், எடுக்கட்டும்னா. எனக்கு ஒண்ணும் புரியலை. கேட்டுல நின்னவங்களையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டா.

இன்னைக்குக் காலைல கால்வெல் தானே கீழ இறங்கி வந்து, வண்டி வண்டியாச் சுத்திப் பாத்தானாம். ஷூ சேத்துல மாட்டி, காலு மட்டும் தனியா வந்துச்சாம். அப்பவாவது யோசிச்சிருக்க வேணாம்? போன வாரம் இரும்பு மாதிரி இருந்த தரை இன்னைக்கு ஏன் கஞ்சியா இருக்குன்னு? மாட்டான். டெக்சஸ்காரனுக்குச் சேறுன்னா துடைக்கறதுக்கு.

கிளம்பணுமா? இரு, இரு. ஆப்பிள் உள்ள வெச்சுச் சுட்ட பை இருக்கு. அதைச் சாப்பிடாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. காப்பி வேணுமா? சக்கரை போட்டு? நல்ல பையன்.

வண்டில ரேடியோ இருக்குல்ல? உங்க ஊர்ப் பாட்டா கேட்டுட்டு வந்தியாக்கும். எங்க ஊர் ரேடியோ வெச்சிருந்தா கேட்டிருப்ப, காலைலருந்து கத்திட்டிருக்கான். இங்க குளிர்ல ரோட்டுக்கு அடி மண்ணு கல்லாக் கிடக்கும், எவ்வளவு பாரம் வேணாலும் போகலாம். மார்ச்சுல உருகும் பாரு, அப்ப பாரவண்டி ஏறுனா ரோடு அப்பளம் மாதிரி நொறுங்கிடும். அதனால மண்ணு காயறவரைக்கும் பாரம் ஏத்துன லாரி ஊர் ரோட்டுல போகக்கூடாதுன்னு ரோட்டு ஆபீசுக்காரன் போர்டு வெச்சுடுவான். வருசா வருசம் உள்ளதுதான், சின்னப் புள்ளைக்கும் தெரியும். அதிக பாரம் ஏத்த உன் கையில இருக்கற அனுமதிச் சீட்டும் அப்புறம் செல்லாது. இந்த வருசம் இன்னைக்கு மதியத்துலருந்து தடை, மண்ணு காய வாரக்கணக்காகும். ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் இல்லை, எல்லாரும் கேக்கத்தான் சொன்னான்.

மணி பாக்காதே. ஆயிடுச்சு.

ஜன்னல் வழியாப் பாரு. ரோட்டோரம் மஞ்சள் வண்டி நிக்குதுல்ல, அது ரோட்டு ஆபீசு ஆர்லோ. அவன் நடற போர்டு கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது யாரு தெரியுதா? ஆரஞ்சுக் கோட்டு. பெர்னிஸேதான். நீ ஆப்பிள் பை தின்னுட்டிருந்தப்ப அடுப்பை அணைச்சுட்டு, ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போனா. எப்பவும் நான்தான் வறுப்பேன் தம்பி. இன்னைக்கு அவ கரண்டியைப் பிடுங்கிக்கிட்டு, அக்கா உனக்குத்தான் வாயி, நீ போய் அந்தப் பையன்கூட உக்காருன்னு சொல்லிட்டா.

உக்காரு, உக்காரு. உன் மேல என்ன தப்பு? நின்ன இடத்துல நிக்கறதுக்கு ஒருத்தனும் கேக்கமாட்டான். போர்டைத் தாண்டுனாத்தான் அபராதம், அதை கால்வெல் கட்டுவான்னா நினைக்கற? கை துடைச்சுட்டு இப்ப போன் பண்ணு. கொஞ்சம் சத்தமா வையி, அவன் குரலை நானும் கேக்கணும். மீன் நல்லா இருந்துச்சுன்னும் சொல்லு.

ராத்திரிக்கு எங்க போவேன்னு கவலைப்படாதே. பெர்னிஸ் வீட்டு மாடில ஒரு ரூம் இருக்கு. காலைலயே புது விரிப்புப் போட்டு, கம்பளி ரெண்டு வெச்சுட்டுத்தான் மீன் வறுக்க வந்தா.